திருகாணியைத் தேடித் தந்தவருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் சைக்கிள் கடையில் நின்று நன்றி சொன்னால், "அட, போங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டு அடுத்த வண்டியின் சக்கரத்தைக் கழற்றத் தொடங்கிவிடுகிறீர்கள். அதனால் எழுதுகிறேன். எல்லோரும் படிக்கும்படி எழுதுவதற்கு வேறொரு காரணமும் இருக்கிறது. பிள்ளைகளுக்கு டிஸ்க் பிரேக் வைத்த கியர் சைக்கிள் வாங்கிக் கொடுத்திருக்கும் பெற்றோர்கள் இன்று நாமக்கல்லில் மட்டுமல்ல, எல்லா ஊர்களிலும் இருக்கிறார்கள். அந்த பிரேக்கிலிருந்து என்ன விழுந்துபோனால் என்ன ஆகும், விழுந்ததைத் தேடித் தருபவர் எவ்வளவு பெரிய வேலை செய்கிறார் என்பது அவர்களுக்குத் தெரிய வேண்டும்.

என் மகளின் சைக்கிளில் பின்பிரேக் கடகடவென்று சத்தம் போட்டபோது, முதலில் போன கடையில் பிரேக்கையே மாற்ற வேண்டும் என்றார்கள். காலிப்பர், லீவர், கேபிள் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு விலை சொன்னார்கள். அடுத்த கடையில் ஒரு போக்ஸ் கம்பித் துண்டை நுழைத்து, இரண்டு முனையையும் மடக்கிவிட்டு, இனி ஓட்டலாம் என்றார்கள். நீங்கள்தான் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கைப்பேசி வெளிச்சத்தில் காலிப்பருக்குள் பார்த்தீர்கள். "பிரேக் நல்லாத்தானுங்க இருக்குது. பின்னுதான் இல்லை" என்றீர்கள். அந்தக் கம்பியை உருவித் தூரப் போட்டீர்கள்.

முழுசாக மாற்று என்பது ஒரு பக்கம், கம்பியைக் கட்டி அனுப்பு என்பது இன்னொரு பக்கம். நம் ஊரில் பெரும்பாலான ரிப்பேர் இந்த இரண்டில் ஒன்றாகத்தான் முடிகிறது. இரண்டுக்கும் நடுவே சரியான சாமானைத் தேடிப் போடுவது என்று ஒரு வழி இருக்கிறது. அதில் வருமானம் குறைவு, நேரச் செலவு அதிகம். நீங்கள் அந்த வழியில் நிற்கிறீர்கள். என் நன்றி அதற்குத்தான்.

அந்தப் பின் என்ன செய்கிறது என்று நீங்கள் அன்று எனக்குக் காட்டினீர்கள். இயற்பியல் நடத்துகிற எனக்கே அது அதுவரை தெரியாது. சக்கரத்தோடு சேர்ந்து சுழலும் தட்டை இரண்டு பேடுகள் இருபுறமிருந்தும் நெருக்குகின்றன. அந்தப் பேடுகளைக் காலிப்பருக்குள் யாரும் ஒட்டி வைப்பதில்லை, திருகி வைப்பதும் இல்லை. நகர்ந்தால்தானே நெருக்க முடியும்? அதனால் ஒரு பொந்துக்குள் அவை சும்மா உட்கார்ந்திருக்கின்றன. பிரேக் பிடிக்கும்போது தட்டு பேடை இழுக்கிற விசையைக் காலிப்பரின் சுவரே தாங்கிக்கொள்கிறது. பேடு வெளியே ஏறி வராமல் நிறுத்துவது, அதன் காதுத் துளை வழியாகப் போகும் அந்த ஒரே பின். குண்டும் குழியுமான சாலையில் வண்டி அதிர அதிர, பின் இல்லாத பேடு கொஞ்சம் கொஞ்சமாக மேலே வரும். ஒருநாள் விழும். கேபிள் பிரேக்காக இருந்தால் அதன்பின் வெறும் உலோகம் தட்டைச் சுரண்டும். எண்ணெய் பிரேக்காக இருந்தால் தடுக்க ஒன்றும் இல்லாத பிஸ்டன் தன் இடத்தை விட்டே வெளியே வந்து, எண்ணெய் கொட்டி, லீவர் கைப்பிடியில் போய் ஒட்டிக்கொள்ளும்.

போக்ஸ் கம்பி ஏன் ஆகாது என்று கேட்டேன். துளைக்கும் கம்பிக்கும் நடுவே இடைவெளி இருக்கிறது, ஆடிக்கொண்டே இருக்கும் என்றீர்கள். அது விறைப்பான எஃகு, மடக்கினாலும் படிந்து நிற்காது, சக்கரத்தின் பக்கம் முனை நீட்டிக்கொண்டால் சுழலும் போக்ஸில் மாட்டும் என்றீர்கள். பிறகு உள்ளே போய், வரிசையாக அடுக்கி வைத்த மாத்திரை டப்பாக்களில் ஒன்றைத் திறந்து, புது ஸ்பிளிட் பின் ஒன்றை எடுத்து வந்தீர்கள். நுழைத்து, இரண்டு காலையும் விரித்துவிட்டீர்கள். வண்டி சரியாகிவிட்டது.

அந்த மாத்திரை டப்பாக்களைப் பற்றி நான் எழுதியே ஆக வேண்டும். ஒவ்வொன்றிலும் வெள்ளை டேப் ஒட்டி, பேனாவால் படம் வரைந்து வைத்திருக்கிறீர்கள். ஒன்றில் ஸ்பிளிட் பின். ஒன்றில் திருகுப் பின். ஒன்றில் பேடுகளுக்கு நடுவே உட்காரும் பட்டாம்பூச்சி ஸ்பிரிங். அந்த ஸ்பிரிங் இல்லாவிட்டால் லீவரை விட்ட பிறகும் பேடு தட்டை விட்டு விலகாது, உரசிக்கொண்டே வரும். அதன் கால் ஒன்று தவறிப்போய்த் தட்டுக்கும் பேடுக்கும் நடுவே விழுந்துவிட்டால் தட்டு அதை மென்று துப்பிவிடும். கேபிளைக் கவ்விப் பிடிக்கும் போல்ட்டின் வாஷர் இன்னொரு டப்பாவில். அந்த வாஷர் தொலைந்துபோய், போல்ட்டின் தலை நேராகக் கேபிள் மேல் திரும்பித் திரும்பி இறுக்கியதில் நூல் நூலாகப் பிரிந்த கேபிளையும் காட்டியிருக்கிறீர்கள். வளைந்துபோய்க் காயலான் கடைக்குப் போகும் தட்டுகளிலிருந்தும், உடைந்த காலிப்பர்களிலிருந்தும் நீங்கள் கழற்றிச் சேர்த்தவை இவை. ஆனால் பழைய ஸ்பிளிட் பின்னை மட்டும் எந்த டப்பாவிலும் போடுவதில்லை. ஒருமுறை மடக்கி நிமிர்த்திய கால் மறுமுறை மடக்கும்போது விரிசல் விடும் என்பதால் அது எப்போதும் புதிது. எதைச் சேர்த்து வைக்க வேண்டும், எதை எறிய வேண்டும் என்ற இந்தப் பகுப்பில்தான் உங்கள் படிப்பு இருக்கிறது.

கொஞ்சம் விலை கூடிய பிரேக்குகளில் பின் திருகிப் பூட்டும் வகையாக இருக்கிறது. அதன் நுனியில் ஒரு பள்ளம். அந்தப் பள்ளத்தில் கவ்வி உட்காரும் ஒரு குட்டி வளையம், சர்க்ளிப். திருகு தானாகத் தளர்ந்தாலும் பின் விழாமல் இருப்பதற்காக இரண்டாவது காவல். டிஸ்க் பிரேக்கில் அதிகம் தொலைவது இதுதான் என்று நீங்கள் சொன்னபோது எனக்கு வியப்பே இல்லை. பெண்கள் எல்லோரும் அதைப் பார்த்த மாத்திரத்தில் புரிந்துகொள்வோம். மூக்குத்தித் திருகாணி அளவுதான் அது. திருகாணி தொலைந்தால் மூக்குத்தியை யாரும் எறிவதில்லை, திருகாணி இல்லாமல் மூக்குத்தியைப் போட்டுக்கொண்டு வெளியே போவதும் இல்லை. நகைக்குக் காட்டும் கவனத்தைப் பிள்ளையின் பிரேக்குக்கும் நாம் காட்டினால் போதும். நீங்கள் அந்த சர்க்ளிப்பைக் கழற்றும் விதத்தை எத்தனையோ முறை நின்று பார்த்திருக்கிறேன். கீழே வெள்ளைத் துணி விரித்து, இடது கட்டைவிரலை அதன் மேல் வைத்து மூடிக்கொண்டுதான் வலது கையால் நெம்புகிறீர்கள். தெறித்தாலும் விரலுக்குள்ளேயே தெறிக்கும்.

அடுத்த நன்றி எங்கள் பள்ளிக்காக. ஒரு மதிய இடைவேளையில் வந்து சைக்கிள் ஸ்டாண்டைப் பார்த்துத் தர முடியுமா என்று கேட்டேன். கடையை மூடிவிட்டு வந்தீர்கள். தட்டை ஹப்போடு பூட்டும் 6 போல்ட்டுகளில் ஒன்று இல்லாத வண்டி, இரண்டு இல்லாத வண்டி, ஆறும் இருந்தும் எல்லாம் கையாலேயே திரும்புகிற வண்டி என்று ஒவ்வொன்றாகக் காட்டினீர்கள். பிரேக் பிடிக்கும்போது மட்டும் டக்கென்று ஒரு சத்தம் வந்தால் முதலில் அங்கேதான் பார்க்க வேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தீர்கள். ஓட்டக்கூடாத வண்டிகளின் ஹேண்டில்பாரில் சிவப்பு நூல் கட்டினீர்கள். அன்று மாலை அந்தப் பிள்ளைகள் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

அன்று இரவு நான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். பிள்ளையும் வண்டியும் புத்தகப் பையும் சேர்த்து 80 கிலோ என்று வைத்துக்கொண்டேன். முன்பிரேக்கை மட்டும் பிடித்து, புவியீர்ப்பு முடுக்கத்தில் பாதியளவு வேகத்தைக் குறைத்தால், டயரும் சாலையும் தொடும் இடத்தில் சுமார் 390 நியூட்டன் விசை. சக்கரத்தின் ஆரம் ஏறக்குறைய 34 செ.மீ. ஆனால் அந்த 6 போல்ட்டுகளும் இருப்பது 44 மி.மீ. விட்டமுள்ள ஒரு வட்டத்தில், அதாவது நடுப்புள்ளியிலிருந்து வெறும் 22 மி.மீ. தள்ளி. ஆரம் சுருங்கச் சுருங்க விசை பெருகும். 6 போல்ட்டுக்கும் சேர்த்து 6,000 நியூட்டன் வருகிறது. ஒரு போல்ட்டின் பங்குக்கு 100 கிலோ எடைக்குச் சமம். அதில் இரண்டு தொலைந்துவிட்டால் மிச்சமிருக்கும் ஒவ்வொன்றுக்கும் 150 கிலோ. போல்ட்டின் தடிமன் 5 மி.மீ. இந்தக் கணக்கை மறுநாள் பதினொன்றாம் வகுப்புக் கரும்பலகையில் எழுதினேன். விசைத் திருப்புத்திறன் பாடத்தை அத்தனை அமைதியாக எந்த வருடமும் பிள்ளைகள் கேட்டதில்லை.

தொலைந்த போல்ட்டுக்குப் பதில் போல்ட் கிடைப்பது நாமக்கல்லில் கடினமே இல்லை. லாரிக்குக் கூண்டு கட்டுகிற ஊர். தெருவுக்குத் தெரு போல்ட் நட்டுக் கடை. ஆனால் கிடைக்கிறது என்பதற்காக எதையும் எடுத்துப் பூட்டிவிடாதே என்று உங்கள் கடைப் பையனிடம் நீங்கள் சொல்லிக் கொடுத்ததைக் கேட்டுக்கொண்டிருந்தேன். புரியின் அளவு 0.8 மி.மீ. இடைவெளி. நீளம் கூடிவிட்டால் துளையின் அடியில் முட்டி நின்றுவிடும், இறுகியது போலத் தோன்றும், தட்டு ஆடிக்கொண்டுதான் இருக்கும். தலை உயரமாக இருந்தால் ஃபோர்க்கில் தட்டும். தலையின் மேல் 8.8, 10.9, 12.9 என்று பொறித்திருக்கும் எண்ணைப் பார்க்க வேண்டும். முதல் எண்ணை 100 ஆல் பெருக்கினால் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு எத்தனை நியூட்டன் தாங்கும் என்பது வரும். பளபளப்பாக இருக்கிறது, துருப் பிடிக்காது என்று கண்ட எவர்சில்வர் போல்ட்டைப் போட்டால் அது பலத்தில் பின்தங்கியதாக இருக்கலாம். லாரிப் பட்டறையில் பழகிய கண் உங்களுக்கு. அந்தப் பெரிய வண்டிகளின் ஒழுக்கத்தை இந்தச் சின்ன வண்டிக்கும் கொண்டு வந்திருக்கிறீர்கள்.

இறுக்குவதில் மட்டும் லாரிப் பழக்கத்தை விட்டுவிட்டீர்கள். இந்தப் போல்ட்டுகளுக்குத் தயாரிப்பாளர்கள் சொல்லும் இறுக்கம் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். 2 நியூட்டன் மீட்டரிலிருந்து 6 வரை இருக்கிறது. 4 என்பது, பத்து சென்டிமீட்டர் சாவியின் நுனியில் நான்கு கிலோ எடையைத் தொங்கவிடுவது. பட்டறைக் கைக்கு அது ஒன்றுமே இல்லை. அதற்கு மேல் போனால் ஹப்பின் அலுமினியப் புரி வழித்துக்கொண்டு வந்துவிடும். அதனால்தான் ஸ்டார் கீயின் குட்டைப் பக்கத்தை மட்டும் பிடிக்கிறீர்கள், எதிரெதிர் போல்ட்டாக மாறி மாறி இறுக்குகிறீர்கள், புரி தளராமல் இருக்க நீல நிற லாக்டைட் பசை ஒரு சொட்டு விடுகிறீர்கள். சில தட்டுகளில் போல்ட்டின் தலைக்கு அடியில் மெல்லிய தகடு ஒன்று வரும். அதன் ஓரத்தை மடக்கித் தலையோடு ஒட்டிவிட்டால் போல்ட் திரும்ப முடியாது. பலரும் இது எதற்கு என்று எடுத்துப் போட்டுவிடும் அந்தத் தகட்டுக்கும் உங்களிடம் ஒரு டப்பா இருக்கிறது.

உங்கள் அப்பா காலத்துக் கடையைப் பற்றி ஒருநாள் பேசிக்கொண்டிருந்தோம். 1949இல் தொடங்கிய நிறுவனத்தின் அம்பத்தூர்த் தொழிற்சாலையிலிருந்து வந்த ஹெர்குலஸானாலும், வடக்கேயிருந்து வந்த ஹீரோ, அட்லஸானாலும், ராடு பிரேக்கின் கட்டையும் கிராங்கின் காட்டர் பின்னும் எந்த ஊர்க் கடையிலும் கிடைக்கும், எந்த வண்டிக்கும் பொருந்தும். ஒரு சிகரெட் டப்பா அளவு சாமானில் ஒரு ஊரின் சைக்கிள்கள் அத்தனையும் ஓடின. டிஸ்க் பிரேக்கில் அந்த வசதி போய்விட்டது. பேடின் வடிவம் நிறுவனத்துக்கு ஒன்று, அதே நிறுவனத்திலும் ரகத்துக்கு ஒன்று. நடுத்தர வயதில் நீங்கள் எல்லாவற்றையும் முதலிலிருந்து கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. யாரும் உங்களைப் பயிற்சிக்கு அழைக்கவில்லை. தேய்ந்த பேடுகளை எறியாமல் ஒரு கம்பியில் கோத்து, ஒவ்வொன்றும் எந்த வண்டியுடையது என்று எழுதித் தொங்கவிட்டீர்கள். பெயரே இல்லாத மலிவு பிரேக் வந்தால் வெர்னியரை எடுத்து அளந்து, அந்தக் கம்பியில் ஜோடி தேடுகிறீர்கள். எங்கள் ஆய்வகத்தில் மாணவர்கள் வேண்டாவெறுப்பாகப் பிடிக்கும் வெர்னியரை உங்கள் கையில் பார்த்த பிறகு, செய்முறை வகுப்புக்கு முன்னால் அவர்களை ஒருமுறை உங்கள் கடைக்கு அனுப்பினால் என்ன என்று தோன்றியது.

பெயர் உள்ள பிரேக்குகளுக்கு உங்களுக்கு உதவுவது ஜப்பானிலிருந்து வரும் படங்கள். ஒசாகா மாகாணத்தின் சகாய் நகரில் 1921இல் தொடங்கிய ஷிமானோ நிறுவனம், தன் பிரேக்குகளைத் துண்டு துண்டாகப் பிரித்து வரைந்து, ஒவ்வொரு துண்டுக்கும் 'ஒய்' எழுத்தில் தொடங்கும் எண் கொடுத்து, யாரும் இலவசமாகப் பார்க்கும்படி இணையத்தில் வைத்திருக்கிறது. பின், அதன் சர்க்ளிப், ஸ்பிரிங், எண்ணெய் விடும் திருகு, அதன் ரப்பர் வளையம் என்று பிரேக்கின் உள்ளும் புறமும் அந்தரத்தில் வரிசையாக மிதக்கும் படம். உங்களுக்கு ஆங்கிலம் அதிகம் தெரியாது, ஜப்பானிய மொழி தெரியவே தெரியாது. படத்தைப் பார்த்தால் போதும், எது இல்லை என்று விரல் வைத்துச் சொல்லிவிடுகிறீர்கள். பையன் எண்ணைக் கைப்பேசியில் தட்டுகிறான். எங்கோ ஒரு மேசையில் உட்கார்ந்து, மில்லிமீட்டர் கணக்கில் இருக்கும் ஒரு வளையத்தையும் விடாமல் வரைந்து எண் கொடுத்த அந்த முகம் தெரியாத வரைவாளருக்கும் இந்த மடலிலேயே நன்றி சொல்லிக்கொள்கிறேன். தனியாக வரையப்படாத சாமானைத் தனியாகக் கேட்க முடியாது. கேட்க முடியாததை விற்கவும் மாட்டார்கள்.

என் சக ஆசிரியரின் பழைய அவிட் நிறுவனப் பிரேக்கிலும் ஒரு சின்னச் சாமான்தான் தொலைந்திருந்தது. அந்தக் காலிப்பரின் இரண்டு போல்ட்டுகளிலும் குழிந்த வாஷரும் குவிந்த வாஷருமாக மாறி மாறி வரும். அதனால்தான் காலிப்பரைத் தட்டுக்கு நேராக வரும்படி சற்றுச் சாய்த்து நிறுத்த முடிகிறது. ஒன்று தொலைந்தாலும், வரிசை மாறினாலும், எவ்வளவு இறுக்கினாலும் கோணல் போகாது. நீங்கள் கழற்றிய வரிசையிலேயே அவற்றை ஒரு கம்பியில் கோத்து வைத்தீர்கள். தொலைந்த ஒன்றுக்கு ஜோடி கிடைக்கும் வரை வண்டியைத் தரவில்லை. அவருக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது. இப்போது இல்லை.

இனி கொல்லிமலை. 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள அந்தச் சாலையில் விடியற்காலையில் சைக்கிளில் ஏறி இறங்கும் கூட்டம் ஒன்று நம் மாவட்டத்தில் உருவாகிவிட்டது. என் தம்பியும் அதில் ஒருவன். ஏறும்போது நெஞ்சு வலிமை, இறங்கும்போது பிரேக் மட்டும்தான். 80 கிலோ எடை 1,000 மீட்டர் உயரம் இறங்கினால் 784 கிலோஜூல் ஆற்றல். காற்றும் டயரும் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும், மிச்சம் முழுவதும் இரண்டு மெல்லிய தட்டுகளில் வெப்பமாக இறங்குகிறது. புதுத் தட்டின் தடிமனே 1.8 மி.மீ. தான், 1.5 மி.மீ. ஆனால் மாற்றிவிடச் சொல்கிறார்கள். நீண்ட இறக்கத்தில் தட்டின் வெப்பநிலை 200 டிகிரி செல்சியஸைத் தாண்டக்கூடும்.

அவன் வண்டியில் லீவரின் எண்ணெய்த் திருகுக்கு அடியில் இருந்த ரப்பர் வளையம் தொலைந்திருந்தது. யாரோ எண்ணெய் பார்க்கிறேன் என்று திறந்து மூடியபோது ஒட்டிக்கொண்டு போயிருக்கும். வளையம் இல்லாமலே திருகி வைத்ததில் சிறுகச் சிறுகக் கசிந்தது. அதே அளவு ஓ ரிங் வேன் பிரேக் சாமான் விற்கும் கடையில் கிடைக்குமே என்று அவன் கேட்டான். "அளவு ஒண்ணுதானுங்க, ரப்பர் வேறைங்க" என்றீர்கள். இந்த ஒரு வரிக்குள் இருக்கும் அறிவை நான் புத்தகத்தைப் புரட்டித்தான் முழுதாகப் புரிந்துகொண்டேன். காரிலும் வேனிலும் ஊற்றுவது டாட் பிரேக் திரவம். அதற்கேற்ற ஈபிடிஎம் ரப்பர், ஷிமானோ, டெக்ட்ரோ, மகுரா போன்றவை பயன்படுத்தும் மினரல் ஆயிலில் ஊறிப் பருத்துப்போகும். மினரல் ஆயிலுக்குரிய நைட்ரைல் ரப்பரை டாட் திரவம் கெடுத்துவிடும். ஸ்ராம், ஹேய்ஸ் பிரேக்குகளில் பல டாட் திரவத்தில் ஓடுகின்றன. ஆகவே எந்த வண்டி, எந்த எண்ணெய் என்று தெரியாமல் ஒரு ரப்பர் வளையத்தைக்கூட மாற்றக் கூடாது. நம் ஊரில் டாட் திரவம் வண்டிச் சாமான் கடைகளில் எளிதாகக் கிடைக்கிறது, மினரல் ஆயில் கோயம்புத்தூரிலிருந்து வரவேண்டியிருக்கிறது. அவசரத்துக்கு ஊற்றிவிடலாம் என்ற ஆசையை நீங்கள் எப்போதும் அடக்கியே வைத்திருக்கிறீர்கள். நான்கு நாள் காத்திருந்து சரியான வளையத்தைப் போட்டுக் கொடுத்தீர்கள். என் தம்பி 70 வளைவும் இறங்கி வீட்டுக்கு வந்தான். அக்காவாக என் நன்றியில் பெரும்பகுதி இதற்குத்தான் போய்ச் சேரும்.

உங்களைப் போலவே நினைக்கிற ஒரு பட்டறை இங்கிலாந்திலும் இருக்கிறது என்று படித்தேன். லங்காஷயரின் பார்னல்ட்ஸ்விக் என்னும் சிற்றூரில், விமானத் தொழிலில் கருவி செய்து பழகிய இயன் வெதரில், சைமன் ஷார்ப் என்ற இருவர் 1989இல் தொடங்கிய ஹோப் நிறுவனம். பழைய பிரேக்குகளுக்கும் சின்னச் சின்ன உதிரிகளைத் தனித்தனியாக விற்பதில் அவர்களுக்குப் பெயர் உண்டு. இது எல்லாத் தயாரிப்பாளர்களின் கடமையாக வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். 2022 டிசம்பரில் ஒன்றிய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை, பழுதுபார்க்கும் உரிமைக்கென்று ஓர் இணையதளம் தொடங்கியது. விவசாயக் கருவிகள், கைப்பேசி உள்ளிட்ட மின்னணுச் சாதனங்கள், வீட்டு உபயோகப் பொருள்கள், மோட்டார் வாகனங்கள் என்று நான்கு துறைகளை எடுத்துக்கொண்டார்கள். சைக்கிளுக்கு அதில் தனியிடம் இல்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஓட்டுகிற வண்டிக்கு அந்த இடம் கிடைக்க வேண்டும். பிரேக்கோடு அதன் பின்னும் ஸ்பிரிங்கும் ஓ ரிங்கும் தனியாக, எண்ணோடு, உள்ளூரில் விற்கப்பட வேண்டும். நானும் எங்கள் பள்ளிப் பெற்றோர் சிலரும் இதை எழுதிக் கையெழுத்திட்டு அனுப்பப் போகிறோம். எந்தெந்தச் சாமான் அதிகம் தொலைகிறது என்ற பட்டியலை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

உங்களிடம் ஒரு வேண்டுகோளும் உண்டு. பின்னின் விலை எவ்வளவோ அதை மட்டும் வாங்கிக்கொள்கிறீர்கள். தேடிய நேரத்துக்கு எதுவும் வாங்குவதில்லை. வெர்னியர் பிடித்து, படம் பார்த்து, மூன்று டப்பாவைக் கவிழ்த்துக் கண்டுபிடித்ததற்கும் கூலி இருக்கிறது, அண்ணா. அதைத் தனியாக எழுதி வாங்குங்கள். பிரேக் முழுவதையும் மாற்றச் சொன்ன விலையில் சிறு பங்குதான் அது, யாருக்கும் கனக்காது. அந்தக் கூலி கிடைத்தால்தான் உங்கள் கடைப் பையனும் இதை ஒரு தொழிலாகக் கற்றுக்கொள்வான். இல்லாவிட்டால் நாளைக்கு அவனும், முழுசாக மாத்திக்குங்க என்று சொல்லும் கடைக்கு வேலைக்குப் போய்விடுவான்.

சர்க்ளிப்பைத் தனியாக ஒன்று வாங்க முடியவில்லை, பாக்கெட்டாகத்தான் தருகிறார்கள். என் தம்பியின் வண்டிக்கு ஒன்று எடுத்துக்கொண்டு மீதியைக் கொடுத்தனுப்புகிறேன். உங்கள் டப்பாவில் போட்டு வையுங்கள், வருகிறவர்களுக்கு ஆகும். இதைக் கொண்டு வரும் மாணவன் எட்டாம் வகுப்பு. அவன் வண்டியின் முன்சக்கரத் தட்டில் இரண்டு போல்ட் இல்லை, பெயர் இல்லாத பிரேக். நீங்கள் பார்த்துத் தரும் வரை ஓட்டக்கூடாது என்று நானே சிவப்பு நூல் கட்டியிருக்கிறேன். பணம் அவன் அப்பா தருவார், தேடுகிற கூலியும் சேர்த்து. அவரிடம் பேசிவிட்டேன்.

அன்புடன்,
ஓர் இயற்பியல் ஆசிரியை,
நாமக்கல்